சுரக்குறிப்பா, ஒலிப்பதிவா? பழைய கையடக்கக் கணினியில் ரிங்டோன் வைக்கும் முறை

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில் ஒரு சையான் சீரிஸ் 3ஏ இருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கூட்டின் அளவு, ஏறக்குறைய அதே வடிவம். மூடியைத் திறந்தால் முழு விசைப்பலகை, அதற்கு மேலே 480க்கு 160 புள்ளிகள் கொண்ட சாம்பல் நிறத் திரை. லண்டனைச் சேர்ந்த சையான் நிறுவனம் 1993இல் வெளியிட்ட கையடக்கக் கணினி இது. துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் சித்தப்பா, கப்பலில் வந்த ஓர் அதிகாரியிடம் விலை பேசி வாங்கியது. இரண்டு பென்சில் பேட்டரிகளைப் போட்டால் இன்றைக்கும் உடனே விழித்துக்கொள்கிறது. முப்பது ஆண்டுக்கு முந்தைய இயந்திரம் பொத்தானை அழுத்திய அதே நொடியில் வேலைக்குத் தயாராவதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கும்.

அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான். போன கோடை விடுமுறையில் அவன் கண்ணில் இது பட்டது. "மாமா, இதில் அலாரம் இருக்கிறது. என் ஃபோன் ரிங்டோனை இதில் வைக்கலாமா?" என்று கேட்டான். வைக்கலாம் என்றேன். நான் காய்கறி வாங்கிவிட்டு வருவதற்குள் அவனே முயன்று பார்த்திருந்தான். ஃபோனிலிருந்த எம்பி3 கோப்பை எடுத்து, பெயரில் புள்ளிக்குப் பின்னால் இருந்த மூன்று எழுத்துகளை அழித்துவிட்டு, சையானின் ஒலிக்கோப்புகளுக்கு உரிய டபிள்யூ, வி, ஈ என்ற மூன்று எழுத்துகளைப் போட்டுக் கேபிள் வழியாக அனுப்பியிருக்கிறான். சையான் அதைத் தொடவே மறுத்துவிட்டது.

அவன் அப்படிச் செய்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. ஐபோனில் ரிங்டோன் வைப்பவர்கள் எம்4ஏ கோப்பின் பெயரை எம்4ஆர் என்று மாற்றுவார்கள். அது வேலையும் செய்யும். காரணம், அந்த இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரே சரக்கு. ஏஏசி முறையில் சுருக்கிய ஒலி, ஒரே மாதிரியான உறையில் போடப்பட்டிருக்கிறது. 'இது ரிங்டோன்' என்று ஃபோனுக்குச் சொல்வது மட்டுமே அந்தப் பெயர்மாற்றத்தின் வேலை. எம்பி3க்கும் சையான் கோப்புக்கும் அப்படி எந்த உறவும் இல்லை. உள்ளே இருக்கும் எண்களின் பொருளே வேறு. ஆகவே அங்கே உண்மையான மாற்றம் வேண்டும்.

அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். ரிங்டோன் என்று நாம் சொல்வது எது? அந்தச் சொல் இரண்டு வேறு பொருள்களுக்கு வழங்குகிறது. பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். டீச்சர் நோட்டில் 'ச ரி க ம' என்று எழுதிக் கொடுத்தால் அது சுரக்குறிப்பு. அதில் ஒலி கிடையாது. எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்ற தகவல் மட்டும் உண்டு. அதே பாட்டை டேப் ரெக்கார்டரில் பதிந்து கொடுத்தால் அது ஒலிப்பதிவு. அதில் டீச்சரின் குரலும், பின்னால் ஓடிய மின்விசிறியும், தெருவில் போன பால்காரரின் மணியும் சேர்ந்தே இருக்கும். பழைய ஃபோன்களின் ரிங்டோன் முதல் வகை. இன்றைய ஃபோன்களில் பெரும்பாலும் இரண்டாம் வகை. பழைய கையடக்கக் கணினிகளும் இதே போல இரண்டு கட்சி. உங்கள் கையில் இருப்பது எந்த வகை, போய்ச் சேர வேண்டிய இடம் எந்த வகை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முப்பத்தொன்பது எழுத்தில் ஒரு ராகம்

சுரக்குறிப்பு வகையை என் வயதுக்காரர்கள் பலர் கைவிரலால் அறிந்திருக்கிறார்கள். 2000இல் வந்த நோக்கியா 3310இல் 'கம்போசர்' என்று ஒன்று இருந்தது. எண் பொத்தான் 1 முதல் 7 வரை ஏழு சுரங்கள். 0 என்றால் மௌனம். 8 சுரத்தைக் குறுக்கும், 9 நீட்டும். நட்சத்திரப் பொத்தான் ஸ்தாயியை மாற்றும். # பொத்தான் சுரத்தை அரைப்படி ஏற்றும். எந்தப் பாட்டுக்கு எந்தப் பொத்தான் என்று ஒருவன் தாளில் எழுதி வைத்திருப்பான். அதை ஜெராக்ஸ் எடுத்து எங்கள் தெருவே வைத்திருந்தது. ராயபுரத்திலிருந்து வரும் பஸ்ஸில் நின்றபடியே ஒருவன் தாளைப் படிக்க, இன்னொருவன் பொத்தானை அழுத்திக்கொண்டு வந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

இந்தப் பொத்தான்களை வைத்தே ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். கர்நாடக சங்கீதம் கற்பவர்கள் எல்லாரும் முதலில் பாடுவது சரளி வரிசை. அது மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தது. அதன் ஏறுவரிசையைக் கம்போசரில் அடித்தால் இப்படி வரும்: 1, 1#, 3, 4, 5, 5#, 7, பிறகு மேல் ஸ்தாயி 1. சட்ஜமம் 1 என்றால், சுத்த ரிஷபம் அதற்கு அரைப்படி மேலே, ஆகவே 1#. அந்தர காந்தாரம் 3, சுத்த மத்தியமம் 4, பஞ்சமம் 5, சுத்த தைவதம் 5#, காகலி நிஷாதம் 7. எட்டுச் சுரங்களும் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகின்றன.

இதையே கணினிக் கோப்பாக எழுத நோக்கியா ஒரு முறையை வகுத்தது. ஆர்.டி.டி.டி.எல். என்று அதன் பெயர். வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம், திருத்தலாம். முதலில் மெட்டின் பெயர். பிறகு ஒரு முக்காற்புள்ளி. அடுத்து மூன்று பொதுவிதிகள். 'டி=4' என்றால் தனியாகச் சொல்லாத ஒவ்வொரு சுரமும் கால் சுரம். 'ஓ=5' என்றால் ஐந்தாம் ஸ்தாயி; அந்த ஸ்தாயியில் 'ஏ' என்ற சுரம் 880 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 880 அதிர்வு. 'பி=120' என்றால் நிமிடத்துக்கு 120 தட்டு. மறுபடி முக்காற்புள்ளி. அதற்குப் பின் சுரங்கள், இடையில் காற்புள்ளி போட்டு. கோப்பில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எழுத வேண்டியதை ஒலிப்புக்கு ஏற்பத் தமிழில் தருகிறேன்:

சரளி:டி=4,ஓ=5,பி=120:சி,சி#,ஈ,எஃப்,ஜி,ஜி#,பி,சி6

நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு அரை விநாடி. எட்டுச் சுரம், நான்கு விநாடி. கடைசிச் சுரத்தின் பின்னால் இருக்கும் 6, அதை மட்டும் ஆறாம் ஸ்தாயிக்கு ஏற்றச் சொல்கிறது. சரளி என்ற பெயரையும் ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் எழுதினால், முழுக் கோப்பும் 39 எழுத்து, அதாவது 39 பைட். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சுரத்துக்கு முன்னால் ஓர் எண் போட்டால் அதன் நீளம் மாறும்: 8 என்றால் அரைக்கால், 2 என்றால் அரை. 'பி' என்று தொடங்கும் மௌனத்துக்கான எழுத்தும், ஏழாம் சுரத்துக்கான எழுத்தும் தமிழில் எழுதும்போது ஒன்று போலத் தெரியும். ஆங்கிலத்தில் அவை வேறு வேறு எழுத்துகள். முதன்முறை எழுதுபவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும்.

இந்த முறையில் ஒரு பெரிய இழப்பும் இருக்கிறது. கமகம் எழுத முடியாது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதும், ஒரே சுரத்தில் நின்று அசைவதும் நம் இசையின் உயிர். ஆர்.டி.டி.டி.எல். படிக்கட்டு மட்டும் கட்டத் தெரிந்தது. இரண்டு படிக்கு நடுவே அதற்கு எதுவும் கிடையாது. மாயாமாளவகௌளை போன்று சுரங்களை நேராகப் பிடித்துப் பழகும் வரிசைகள் அதில் நன்றாக வரும். கமகம் நிறைந்த தோடி ராகத்தை அதில் எழுதினால் தோடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மெட்டு தேர்ந்தெடுக்கும்போது இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

மிடி என்பதும் சுரக்குறிப்பு வகைதான். 1983இல் இசைக்கருவி நிறுவனங்கள் கூடி வகுத்த பொதுமுறை. ஆர்.டி.டி.டி.எல். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் சொல்லும்; மிடியில் பல கருவிகள் சேர்ந்து ஒலிக்கலாம், ஒவ்வொன்றையும் எவ்வளவு அழுத்தி வாசிப்பது என்றும் எழுதலாம்.

விநாடிக்கு எட்டாயிரம் எண்கள்

இனி ஒலிப்பதிவு. காற்றின் அதிர்வைக் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைப்பதுதான் கணினி ஒலிப்பதிவு. அந்த அளவுக்கு 'மாதிரி' என்று பெயர். குறுந்தகட்டின் தரத்தில் விநாடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், இடது வலது என்று இரண்டு தடம். பெருக்கினால் விநாடிக்கு 1,76,400 பைட். அரை நிமிட ரிங்டோன் 52 லட்சம் பைட்டைத் தாண்டும். எம்பி3 அதைச் சுருக்கி வைக்கிறது. ஆனால் பாட வைக்கும்போது விரித்தாக வேண்டும், அந்தக் கணக்கைப் போட வேகமான செயலி வேண்டும். சித்தப்பாவின் சையானில் இருப்பது 7.68 மெகாஹெர்ட்ஸ் செயலி. மொத்த நினைவகமே 512 கிலோபைட். எம்பி3யை விரிப்பது அதன் சக்திக்கு அப்பாற்பட்டது.

அதனால் சையான் பொறியாளர்கள் தொலைபேசித் துறையிலிருந்து ஒரு முறையை எடுத்துக்கொண்டார்கள். விநாடிக்கு 8,000 மாதிரி, ஒவ்வொன்றும் ஒரே பைட், ஒரே தடம், ஏ-லா என்ற குறியாக்கம். நம் வீட்டுத் தரைவழித் தொலைபேசியின் குரல் டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுக்குள் பயணம் செய்ததும் இதே ஏ-லா வடிவில்தான். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஏ-லா. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மியூ-லா என்ற அதன் உறவினன். 1972இல் ஜி.711 என்ற பெயரில் இது உலகத் தரமாயிற்று.

ஏ-லா எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு பைட்டில் 256 எண்கள்தான் எழுத முடியும். ஒலியின் அளவை 256 சமபடிகளாகப் பிரித்தால், உரத்த ஒலிக்கு அது போதும். மெல்லிய ஒலிக்குப் போதாது. மெல்லிய ஒலி முழுவதும் அடியில் இருக்கும் இரண்டு மூன்று படிகளுக்குள்ளேயே அடங்கிவிடும். பாட்டு தேய்ந்து முடியும் இடத்தில் கரகரவென்று இரைச்சல் கேட்கும்.

சௌகார்பேட்டையில் நகைக்கடைத் தராசைப் பாருங்கள். மில்லிகிராம் வரை பார்ப்பார்கள். அங்கிருந்து நடந்து போகும் தொலைவில் கொத்தவால் சாவடி மளிகை மண்டி. அங்கே மூட்டையை நிறுக்கும் தராசில் ஐம்பது கிராம் முன்னே பின்னே இருந்தால் யாரும் சண்டை போட மாட்டார்கள். ஏ-லா இரண்டு தராசையும் ஒன்றாகச் செய்தது போன்றது. சிறிய எடை வைத்தால் நகைக்கடை நுணுக்கம். எடை ஏற ஏறப் படி பெரிதாகும், மூட்டைக்கு மண்டிக் கணக்கு. நம் காதும் அப்படித்தான் கேட்கிறது. அமைதியில் சிறு சத்தமும் தெரியும். இரைச்சலில் அதே அளவு வேறுபாடு தெரியாது. இந்த வித்தையால் ஏறத்தாழ 13 பிட் நுட்பம் 8 பிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அதை விரிக்கப் பெரிய கணக்கும் வேண்டாம். 256 வரிகள் கொண்ட ஓர் அட்டவணையைப் பார்த்தால் போதும்.

சையான் 3ஏ எதிர்பார்க்கும் கோப்பு மிக எளியது. முதலில் 32 பைட் தலைப்பகுதி. அதில் முதல் 16 பைட் 'இது ஏ-லா ஒலிக்கோப்பு' என்று சொல்லும் ஆங்கில அடையாளச் சொல். அடுத்துப் பதிப்பு எண், மொத்தம் எத்தனை மாதிரி, எத்தனை முறை திரும்ப ஒலிக்க வேண்டும் போன்ற சில எண்கள். அதற்குப் பின் வெறும் மாதிரிகள், ஒன்றன்பின் ஒன்றாக. இப்போது அக்கா மகனின் கோப்பு ஏன் திறக்கவில்லை என்பது தெளிவாகும். முதல் 16 பைட்டில் சையான் அந்த அடையாளத்தைத் தேடியது. அங்கே எம்பி3யின் எண்கள் இருந்தன.

இப்போது ஒப்பிடலாம். நான்கு விநாடிச் சரளி வரிசை சுரக்குறிப்பாக 39 பைட். அதையே சையான் ஒலிப்பதிவாக ஆக்கினால் 8,000 பெருக்கல் 4, கூட்டல் தலைப்பகுதி 32. ஆக 32,032 பைட். எண்ணூறு மடங்குக்கு மேல். அந்தக் காலத்து ஃபோன்கள் ஏன் சுரக்குறிப்பைத் தேர்ந்தெடுத்தன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எந்தக் கருவிக்கு எது

சையான் சீரிஸ் 3ஏக்கு மேலே சொன்ன டபிள்யூ.வி.ஈ. கோப்பு. 1997இல் வந்த சீரிஸ் 5 வேறு இயக்க முறைமையில் ஓடுவது. அதுவும் ஏ-லா ஒலியை ஏற்கும், ஆனால் கோப்பின் உறை வேறு. அந்த முறைமைதான் 1998இல் சையானும் நோக்கியாவும் எரிக்சனும் சேர்ந்து தொடங்கிய சிம்பியன் என்ற ஃபோன் இயக்க முறைமைக்கு அடித்தளம். பின்னாளில் நோக்கியாவின் சிம்பியன் ஸ்மார்ட்ஃபோன் வைத்திருந்த நம்மவர்கள் எல்லாரும் சையானின் பேரப்பிள்ளையைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள் என்று சொல்லலாம்.

பாம் என்ற பெயரில் வந்த கையடக்கக் கணினிகள் மறுகட்சி. 1998இல் அவற்றின் இயக்க முறைமையான பாம் ஓஎஸ் 3.0 வந்தது முதல் அவற்றின் அலாரம் மிடிக் கோப்பிலிருந்து ஒலிக்கும். மிடியில் 0 என்ற வகை, அதாவது எல்லாமே ஒரே தடத்தில் இருப்பது, அதற்கு வேண்டும். அந்தச் சிறிய ஒலிப்பான் ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்கும். எனவே பல கருவிகள் கொண்ட மிடி ரிங்டோனை அப்படியே கொடுத்தால் குழப்பமாகத்தான் கேட்கும். மெட்டு வாசிக்கும் கருவியின் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்க வேண்டும். குறிப்பாகப் பத்தாம் சேனலை நீக்குங்கள். மிடி வழக்கப்படி அது தாளக் கருவிகளுக்கு உரியது. கையடக்கக் கணினிகளுக்கென்று மைக்ரோசாஃப்ட் செய்த விண்டோஸ் சிஇ ஓடும் கருவிகளில் கஷ்டமே இல்லை, சாதாரண வேவ் கோப்பு போதும்.

ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்கு

சுரக்குறிப்பிலிருந்து ஒலிப்பதிவுக்குப் போவது எளிது. எந்தச் சுரம் எத்தனை ஹெர்ட்ஸ் என்பது தெரியும், எவ்வளவு நேரம் என்பதும் தெரியும். கணினி அந்த அதிர்வை எண்களாக எழுதிக்கொண்டே போகும். சாக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்கு ஒரே வரியில் இந்த வேலையைச் சொல்லிவிடலாம்.

எதிர்த்திசை கடினம். ஒலிப்பதிவில் குரலும் கருவியும் தாளமும் ஒன்றாகக் கலந்து ஒரே வரிசை எண்களாகிவிட்டன. சாம்பாரில் இருந்து துவரம்பருப்பைத் தனியே பொறுக்கி எடுப்பது போன்ற வேலை. ஒற்றைக் குரலோ ஒற்றைப் புல்லாங்குழலோ என்றால் மென்பொருள் ஓரளவு ஊகிக்கும். கலந்த பாட்டு என்றால் என் அனுபவத்தில் காதுதான் சிறந்தது. ஆர்மோனியத்தில் மெட்டைப் பிடித்துக்கொண்டு, கையால் எழுதுவது அரைமணி நேர வேலை. மென்பொருள் தரும் பிழைகளைத் திருத்த அதைவிட அதிக நேரம் ஆகும். ஆகவே உங்கள் ஃபோனில் இருப்பது எம்பி3 பாட்டு, கையில் இருப்பது பாம் என்றால், மாற்றும் மென்பொருளைத் தேடாதீர்கள். மெட்டைக் கேட்டு எழுதுங்கள்.

எம்பி3 பாட்டிலிருந்து சையானுக்குப் போவது ஒலிப்பதிவிலிருந்து ஒலிப்பதிவுக்கு. இங்கே செய்ய வேண்டியது எதைக் கழிப்பது என்று முடிவு செய்வது. எங்கள் பையனின் ரிங்டோன் அவன் நண்பர்கள் மொட்டை மாடியில் பாடி ஃபோனில் பதிந்த ஒரு கானா. ஒருவன் பாடுகிறான், ஒருவன் பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்துத் தாளம் போடுகிறான், ஒருவன் ஜால்ரா தட்டுகிறான். நல்ல குரல். அதை ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தோம்.

முதலில் துண்டு. 35 விநாடிப் பதிவை முழுதாக மாற்றினால் 2,80,000 பைட். சையானின் நினைவகத்தில் பாதிக்கும் மேல் போய்விடும். ஆறு விநாடி போதும் என்று முடிவு செய்தோம். அலாரம் தானே திரும்பத் திரும்ப ஒலிக்கப்போகிறது. பாட்டின் தொடக்கத்தை எடுக்காதீர்கள். பெரும்பாலும் அங்கே குரல் ஏறியிருக்காது. பல்லவியில் குரல் ஓங்கி எழும் இடத்தைப் பிடியுங்கள். துண்டின் முன்னால் இருக்கும் மௌனத்தையும் வெட்டிவிடுங்கள். கால் விநாடி மௌனத்துக்கு 2,000 பைட் செலவாகும்.

பிறகு இரண்டு தடத்தை ஒன்றாக்கினோம். அடுத்து 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைக் குறைத்தோம். டிரம்மின் அடி ஒலி போய்விடுமே என்று பையனுக்கு வருத்தம். ஆனால் சையானின் ஒலிபெருக்கி ஒரு ரூபாய் நாணயத்தைப் போன்றது. ஆழ்ந்த ஒலி அதில் வரவே வராது. வராத ஒலி கோப்பில் மட்டும் இருந்தால், ஒலிபெருக்கியைச் சும்மா உலுக்கி மற்றவற்றைக் கலங்கடிக்கும். அதை எடுத்தால் குரலை இன்னும் உரக்க வைக்க இடம் கிடைக்கும். எடுத்துவிட்டு, உச்ச அளவு நிரம்பும் வரை ஒலியை உயர்த்தினோம். துண்டின் கடைசி அரை விநாடியைத் தேய்ந்து முடியும்படி செய்தோம்.

மிக முக்கியமான இடம் இனிமேல்தான். விநாடிக்கு 8,000 மாதிரி என்றால் அதில் பாதி, 4,000 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலி அடங்கும். அதற்கு மேல் உள்ளது வெறுமனே காணாமல் போவதில்லை. வேறு சுருதியாக மாறிக் கீழே இறங்கி வந்து உட்காரும். சினிமாவில் ஓடும் வண்டியின் சக்கரம் சில நேரம் பின்னோக்கிச் சுழல்வது போலத் தெரியுமே, அதே காரணம். 5,000 ஹெர்ட்ஸ் ஒலி 3,000 ஆகக் கேட்கும். 6,500 ஹெர்ட்ஸ் 1,500 ஆகிவிடும். பையன் பள்ளியில் பைதான் படிக்கிறான். மென்பொருளை நம்பாமல் தானே ஒரு சிறு நிரல் எழுதினான். ஐந்தரை மாதிரிக்கு ஒன்று வீதம் பொறுக்கி எடுத்து, மற்றதை விட்டுவிடும் நிரல். கேட்டுப் பார்த்தோம். குரல் நன்றாகவே வந்தது. ஜால்ரா தட்டிய ஒவ்வோர் இடத்திலும் மட்டும் யாரோ பக்கத்தில் நின்று சுருதி தப்பி விசில் அடிப்பது போன்ற ஒலி. ஜால்ராவின் கணீரென்ற ஒலியில் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அது முழுவதும் மடிந்து கீழே வந்துவிட்டது. மாதிரிகளைக் குறைப்பதற்கு முன்பே 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதை வடிகட்டியிருந்தால் இது நேராது. ஆடாசிட்டியும் சாக்ஸும் மாதிரி வீதத்தைக் குறைக்கும்போது இந்த வடிகட்டலைத் தாமே செய்துகொள்கின்றன. பையன் தன் நிரலில் அந்தப் படியைச் சேர்த்தான். விசில் நின்றது. ஜால்ரா மங்கலாக, ஒரு தட்டலாக மட்டும் மிஞ்சியது. அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு மாதிரி வீதம் 8,000 என்று வைத்து ஏற்றுமதி செய்தோம். ஆடாசிட்டியின் ஏற்றுமதிப் பட்டியலில் 'சுருக்கப்படாத பிற வடிவங்கள்' என்ற பகுதிக்குள் போனால் தலைப்பு வகைகளில் சையான் சீரிஸ் 3இன் டபிள்யூ.வி.ஈ. பெயரோடு இருக்கிறது. குறியாக்கம் ஏ-லா. வந்த கோப்பின் அளவைப் பார்த்தோம்: 48,032 பைட். 8,000 பெருக்கல் 6, கூட்டல் 32. கணக்கு இம்மி பிசகாமல் பொருந்தியதைக் கண்டு பையன் துள்ளினான். அளவு பொருந்தினால் வடிவம் பெரும்பாலும் சரி. நீங்களும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்கு மிகாமல் இருக்கட்டும். அந்தக் காலத்து விதி. சையானில் டபிள்யூ.வி.ஈ. என்ற பெயரிலேயே உள்ள அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) அதைப் போட்டால், அலாரம் ஒலிகளின் பட்டியலில் தானாகத் தோன்றும். தொடர்முனைக் (சீரியல் போர்ட்) கேபிளில் விநாடிக்கு 19,200 பிட் போகும். ஒரு பைட்டுக்குப் பத்து பிட் என்று கணக்கிட்டால் 48,032 பைட்டுக்குக் குறைந்தது 25 விநாடி. இன்றைய மடிக்கணினியில் தொடர்முனை இல்லை என்பதால் யுஎஸ்பி மாற்றி ஒன்று வேண்டும். பர்மா பஜாரில் கேட்டால் கிடைக்கும். சீரிஸ் 5 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் காம்பேக்ட் ஃபிளாஷ் அட்டை போடலாம்.

கானாவை ஒலிக்க வைத்துப் பார்த்தோம். ரேடியோவில் தூரத்து நிலையத்தைக் கேட்பது போல் இருந்தாலும் குரல் தெளிவாக, இன்னார் பாடுகிறார் என்று தெரியும்படி வந்தது. கானாவுக்கு இந்த வடிவம் பொருந்துகிறது என்பது என் கருத்து. அதில் குரல்தான் எல்லாம். குரலின் இடம் தொலைபேசி சுமக்கும் அதே நடுப்பகுதி.

ஆனால் அந்த அலாரத்தைக் கடைசியில் பயன்படுத்தப் போகிறவர் என் அக்கா கணவர். காசிமேட்டில் மீன் எடுத்து வியாபாரம் செய்பவர். ஏலத்துக்குப் போக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தாக வேண்டும். எங்கள் தெருவுக்குப் பின்னால் கண்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் உறுமிக்கொண்டிருக்கும். அந்த உறுமல் தாழ்ந்த ஒலி. அதற்கு மேலே தனித்துக் கேட்க வேண்டுமானால் அலாரம் நடுவிலிருந்து உயரத்தில் இருக்க வேண்டும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை. மூன்று மணிக்குக் கானா ஒலித்தால் பக்கத்து வீட்டுக்காரர்களும் எழுந்துவிடுவார்கள் என்று அத்தான் தயங்கினார். எனவே கானாவுக்குப் பதிலாகச் சரளி வரிசையையே சையான் கோப்பாக மாற்றினோம்.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய ஃபோன் போல ஒலிக்க வேண்டும் என்று சதுர அலை வடிவில் சுரங்களை உண்டாக்கினால், ஒவ்வொரு சுரத்தோடும் அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளும் சேர்ந்து வரும். மேல் சட்ஜமம் ஏறத்தாழ 1,046 ஹெர்ட்ஸ். அதன் மூன்று மடங்கு 3,139, அது அடங்கிவிடும். ஐந்து மடங்கு 5,232, அது 4,000ஐத் தாண்டி மடிந்து வரும். ஆகவே நேராக 8,000 மாதிரியில் உண்டாக்காமல், 44,100இல் உண்டாக்கிவிட்டுப் பிறகு குறைத்தோம். ஒலி பளிச்சென்று வந்தது. மூன்று மடங்கு அதிர்வுகள் காதைக் கூர்மையாகத் தொட்டன.

முதல் நாள் அத்தான் எழுந்துகொண்டார். மாலையில் வந்து, "நல்லா இருக்கிறது தம்பி. அந்தக் கடைசிக்கு முந்தைய சுரம் மட்டும் கொஞ்சம் நின்று போனால் இன்னும் நன்றாக இருக்கும்" என்றார். காகலி நிஷாதத்தைச் சொல்கிறார். கானா ஒலிப்பதிவில் இப்படி ஒரு சுரத்தை மட்டும் நீட்டச் சொல்லியிருந்தால் கையைப் பிசைந்திருப்போம். இது சுரக்குறிப்பு. பையன் எழுத்துக் கோப்பைத் திறந்தான். ஏழாவது சுரத்தின் எழுத்துக்கு முன்னால் 2 என்று ஒரே ஓர் எண்ணைச் சேர்த்தான். அரை விநாடிச் சுரம் ஒரு விநாடி ஆனது. 39 பைட் 40 ஆனது. மறுபடி மாற்றியபோது சையான் கோப்பு 36,032 பைட். கேபிளில் போய்ச் சேர இரண்டு விநாடி கூடுதலாக ஆயிற்று.